பனை வளையும் சாம்பல் வளையும்

அச்சுவேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவருக்குச் சுவர் பனை வளைகள் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். பனையை அறுத்தால் மெதுவான பகுதியினூடே கறுத்த நார்கள் ஓடுவது தெரியும். நார் சேர்ந்த ஜியோபொலிமர்க் கொங்கிறீற்று என இன்று பொறியியலார் ஆராய்ந்துவரும் பொருளை விளக்க இதனினும் நல்ல உவமை எனக்குக் கிட்டவில்லை.

பாரம் ஏறியதும் வளையின் மேற்பாகம் நெருக்குண்ணும், கீழ்ப்பாகம் இழுபடும். கொங்கிறீற்று நெருக்கத்தைத் தாங்கும், இழுவைக்கு வெடிக்கும். அதனாலேயே கீழே உருக்குக் கம்பி வைக்கிறோம்.

சீமெந்து நமக்குப் புதிதன்று. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990 வரை நமது சுண்ணக்கல்லையே சுட்டுச் சீமெந்து செய்தது. ஆனால், மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சீமெந்துத் தொழிலிலிருந்தே வருகிறது. ஜியோபொலிமருக்குச் சுண்ணக்கல்லைச் சுடவேண்டியதில்லை. நிலக்கரிச் சாம்பலை எரிசோடா, சோடியம் சிலிக்கேற்று ஆகியவற்றின் கரைசலால் பிணைக்கிறார்கள். 2011 முதல் இயங்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் அத்தகைய சாம்பல் கிடைக்கிறது.

இவ்வளை பாரம் தாங்குமா? அவுஸ்திரேலியாவின் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தார் கம்பியிட்ட ஜியோபொலிமர் வளைகளை வளைத்துச் சோதித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வெடிப்பு விழும் முறையும் தாங்கும் வலுவும் சீமெந்து வளைகளை ஒத்தே இருந்தன. எனினும் ஜியோபொலிமர் நொறுங்கும் இயல்புடையது. நாருக்கு வேலை இங்கேதான். வெடிப்பின் இரு கரைகளையும் நார்கள் தைத்ததுபோல் பற்றிக்கொள்ளும். அகன்ற வெடிப்புகளுக்குப் பதிலாக மயிரிழை போன்ற பல வெடிப்புகள் தோன்றும். வளை திடீரென முறியாது, தாழ்ந்து எச்சரிக்கும். தொண்டைமானாற்று உப்புக்காற்று வீசும் ஊர்களில் இது சிறு காரியமா? வெடிப்பு எத்துணை ஒடுங்கியதோ அத்துணை மெதுவாகவே உப்பு கம்பியை அணுகும். ஆயினும் நார் கம்பிக்கு மாற்றன்று. கனவளவில் நூற்றுக்கு ஒரு பங்கை அண்டிய அளவே பெரும்பாலும் சேர்ப்பர். மிஞ்சினால் நார் திரண்டு உருண்டை கட்டிவிடும்.

மேசன் முற்றத்தில் குழைக்கக்கூடிய கலவையுமன்று இது. கரைசல் தோலைச் சுடும். வெறுஞ் சாம்பற் கலவை விரைவில் இறுக 60 பாகை அளவிலான வெப்பம் வேண்டும். ஆகையால் பட்டறையில் வார்த்து எடுத்துச் செல்வதே தகும். 2013இல் பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் 33 ஜியோபொலிமர்த் தள வளைகளை அவ்வாறே ஏற்றினர். போரில் அழிந்து, 2014இல் மீளத் திறக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில் அத்தகைய பட்டறையொன்று அமையலாமென்பது என் எண்ணம். நுரைச்சோலையிலிருந்து சாம்பல் ஏற்றிவரும் கூலியை முதலில் கணக்கிட வேண்டும்.