நிரூபிச்ச ஸ்டாரா, புது ரூக்கியா?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ஏற்கெனவே தன்னை நிரூபிச்ச பிளேயரை டிரேடுல வாங்குறதா, இல்ல அதே பிக்கை வச்சு டிராஃப்டுல ஒரு ரூக்கியை எடுக்குறதா?

என்எஃப்எல்-க்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி விளக்கம். இங்க ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. காலேஜ்ல இருந்து வர்ற பசங்களை டீம்கள் வரிசைப்படி எடுக்கும். அந்த வரிசையில ஒரு இடம்தான் பிக். அதை இன்னொரு டீமுக்குக் கொடுத்து ஆளையும் வாங்கலாம்.

2020 மார்ச். மின்னசோட்டா வைக்கிங்ஸோட வைட் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோ பில்ஸ் வாங்கினாங்க. விலை, 22-ஆவது பிக், கூடவே பின்வரிசை பிக் மூணு. அந்த 22-ல வைக்கிங்ஸ் எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. அந்த சீசன்ல டிக்ஸ் 127 கேட்ச், 1,535 யார்டு. ரெண்டுலயும் லீக்ல முதலிடம். ஜெஃபர்சன் ரூக்கியாவே 1,400 யார்டு! ரெண்டு டீமுக்கும் லாபம்.

இதைக் காட்டி, "ஸ்டாரை வித்துடு, ரூக்கி வருவான்"னு சொல்றவங்க நிறைய பேர். அவங்க 2022-ஐயும் பார்க்கணும். டென்னசி டைட்டன்ஸ் ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குக் கொடுத்துட்டு, கிடைச்ச 18-ஆவது பிக்ல டிரேலன் பர்க்ஸை எடுத்தாங்க. அந்த வருஷம் பிரவுன் 1,496 யார்டு, பர்க்ஸ் 444. டிசம்பர்ல பழைய டீமுக்கு எதிரா பிரவுன் ரெண்டு டச்டவுன் போட்டார், ஈகிள்ஸ் 35-10னு ஜெயிச்சாங்க. ரெண்டே நாள்ல டைட்டன்ஸ் ஜெனரல் மேனேஜர் வேலையை இழந்தார்.

கணக்கு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான், கிடைச்ச ஆள்தான் வேற. ஜெஃபர்சனை எல்லாரும் கண்டுபிடிச்சிருக்க முடியும்னு நினைக்காதீங்க. 2020-ல வைக்கிங்ஸுக்கு ஒரு இடம் முன்னாடி, 21-ல ஈகிள்ஸ்தான் இருந்தாங்க. அவங்களுக்கும் வைட் ரிசீவர்தான் வேணும். எடுத்தது ஜேலன் ரேகரை. அது சரியா வரல. அதனாலதான் ரெண்டு வருஷம் கழிச்சு பிரவுனுக்கு விலை கொடுக்க வேண்டி வந்துச்சு.

இப்போ அந்த விலையைப் பாருங்க. பிக் மட்டும் இல்ல, பிரவுனுக்கு 4 வருஷத்துக்கு 10 கோடி டாலர் புது ஒப்பந்தமும் உண்டு. ரூக்கிக்கு சம்பளம் பிக் வரிசைப்படியே கிட்டத்தட்ட முடிவாகிடும், 4 வருஷம் மலிவு. எல்லா டீமுக்கும் சேலரி கேப் இருக்கிறதால, இந்த வித்தியாசம்தான் உண்மையான செலவு.

அப்போ யார் இதைத் தாங்க முடியும்? குவார்ட்டர்பேக் இன்னும் ரூக்கி சம்பளத்துல இருக்கிற டீம். 2020-ல பில்ஸுக்கு ஜாஷ் ஆலன், 2022-ல ஈகிள்ஸுக்கு ஜேலன் ஹர்ட்ஸ், ரெண்டு பேரும் அப்படித்தான். வித்த ரெண்டு டீமும் குவார்ட்டர்பேக்குக்கு ஏற்கெனவே பெரிய காசு கொடுத்துட்டு இருந்தாங்க.

அதனால அடுத்த டிரேடு நியூஸ் வரும்போது, "எத்தனை பிக் கொடுத்தாங்க?"னு மட்டும் கேட்காதீங்க. "இவங்க குவார்ட்டர்பேக் சம்பளம் எப்போ ஏறுது?"னு கேளுங்க. அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருந்தா, தாராளமா ஸ்டாரை வாங்கலாம். ஏற்கெனவே ஏறிடுச்சுன்னா, ரூக்கியை எடுத்துட்டுப் பொறுமையா இருக்கணும். அந்தப் பொறுமைக்கு பர்க்ஸ்தான் கிடைப்பார்னாலும் தாங்குற மனசு வேணும்.

உங்க டீம் இதுல எந்தப் பக்கம்? சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!