கோப்பில் உள்ளதும் இல்லாததும்



வகுப்பறையிலும் கருத்தரங்கிலும் நீங்கள் காட்டுகின்ற கணினிப் படவில்லைகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ‘பவர்பாயிண்ட்’ என்று நீங்கள் வழங்கும் அக்காட்சிக் கோப்புகளை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றும்பொழுது நேரும் பிழைகள் யாவை, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே பொருள். ‘இதனைக் கணினி ஆசிரியரன்றோ சொல்ல வேண்டும்? ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு இதில் என்ன வேலை?’ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என் கவனக்குறைவு ஒன்றினால் நான் கற்ற பாடம் இது. ஆதலால் இதனைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

2009ஆம் ஆண்டில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். மாவட்ட அளவில் நடந்த ஒரு போட்டிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி படவில்லைகள் ஆயத்தம் செய்தாள். பொருநையின் எட்டு அணைக்கட்டுகளே அவள் எடுத்துக்கொண்ட பொருள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என ஒவ்வொன்றிற்கும் ஒரு படவில்லை அமைத்தாள். அவளுடைய தாத்தா வாழ்நாள் முழுவதும் கால்வாயில் நீர் பாய்ச்சிய பெரியவர். கார், பிசானம் ஆகிய இரு பருவங்களிலும் எந்த மடையை எப்பொழுது திறப்பது, பற்றாக்குறைக் காலத்தில் கடைமடைக்கு நீர் சேர்ப்பது எப்படி என்றெல்லாம் அவர் பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, இறுதிப் படவில்லையில் சேர்த்திருந்தாள். எங்கள் பள்ளிக் கணினியில் அதனைக் கண்டும் கேட்டும் மகிழ்ந்தேன். கோப்பைப் பென் டிரைவில் ஏற்றிக்கொடுத்து வாழ்த்தி அனுப்பினேன்.

போட்டியன்று திரையில் தமிழே தோன்றவில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. இறுதிப் படவில்லையில் ஒலிபெருக்கியின் சிறு படம் இருந்தது. எத்தனை முறை அழுத்தியும் ஓசை எழவில்லை. அந்தக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்து, “ஸார், தாத்தா பேச மாட்டேங்கிறாங்களே!” என்றாள். அதற்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

பரிசு கிட்டாதது பெரிதன்று. அடுத்த கோடை விடுமுறையில் எங்கள் கணினி பழுதுபார்க்கப்பட்டபோது அதிலிருந்த கோப்புகள் யாவும் அழிந்தன. அவள் வீட்டுக் கைப்பேசியிலும் அப்பதிவு அதற்கு முன்பே அழிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டிலேயே பெரியவரும் காலமானார். பென் டிரைவில் இருந்த ஒரு கோப்பு மட்டுமே எஞ்சியது. அந்தக் கோப்பினுள் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதைப் பின்னரே ஆராய்ந்து அறிந்தேன்.

முதலில் எழுத்துச் சிக்கலைக் காண்போம். நீங்கள் திரையில் காண்பது எழுத்தின் வடிவம். கோப்பினுள் இருப்பதோ எண். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று வகுப்பதே குறியேற்றம். அந்த எண்ணுக்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. பழைய எழுத்துருக்கள் பல ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களையே எடுத்துக்கொண்டு, அவற்றிற்குத் தமிழ் ஆடை உடுத்தின. பாமினி என்னும் எழுத்துருவைக் கருதுங்கள். அதில் ‘தமிழ்’ என்று நாம் வாசிக்குமிடத்தில் கோப்பினுள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. ஜே தகரமாகவும், கே மகரமாகவும், பி இகரக் கொக்கியாகவும், ஓ ழகரமாகவும், அரைப்புள்ளி மெய்யின் புள்ளியாகவும் காட்சி தருகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆடை கழன்று ஆங்கிலம் வெளிப்படுகிறது. எங்கள் மாணவியின் கோப்பிற்கு நேர்ந்ததும் இத்தகையதே. தமிழ் அக்கோப்பில் இருக்கவில்லை. எங்கள் பள்ளிக் கணினியில் இருந்தது.

இத்தகைய இடர் நம் நாட்டிற்குப் புதிதன்று. ஓலை நைந்து போகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி நூல்களைக் காத்தவர்கள் நம் முன்னோர். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டே எழுதினர். ‘கெடு’ என்பதும் ‘கேடு’ என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். காலும் ரகரமும் வேறுபாடின்றி இருக்கும். விடுபட்டதை வாசிப்பவர் தம் கல்வியினால் நிரப்பிக்கொண்டார். அக்கல்வி அருகிய காலத்தில் ஏடு இருந்தும் பாடம் விளங்காமற் போயிற்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி இப்பொருநை நாட்டிற்கு வந்து, ஆழ்வார்திருநகரிக் கவிராயர்களின் இல்லங்கள் வரை சென்றார். பல பிரதிகளை ஒப்புநோக்கி, 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார். ஒரே பிரதியை நம்பியிருந்தால் அப்பணி நிறைவேறியிருக்குமா?

ஓலை தன்னிடம் இல்லாததைக் கற்றவரிடம் கடன் வாங்கிற்று. கணினிக் கோப்பு தன்னிடம் இல்லாததை அது பிறந்த கணினியிடம் கடன் வாங்குகிறது. இடம் மாறும்பொழுது கடன் வாங்கிய பொருள் உடன் வாராது. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொள்வீராயின் பிழைகளுட் பலவற்றின் காரணம் தானே விளங்கும்.

எழுத்தின் கடனைத் தீர்க்க வந்தது ஒருங்குறி, அதாவது யூனிகோடு. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. உலகில் எந்தக் கணினியாயினும் தகரத்திற்கு அதே எண்தான். எனினும் அது நம் பள்ளிகளையும் அலுவலகங்களையும் வந்தடைய நெடுநாள் ஆயிற்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாப், டாம் என்னும் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பெற்ற பழைய கோப்புகள் இன்றும் எத்தனையோ பள்ளிகளில் உறங்குகின்றன.

அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. ஆனால் எண்ணுக்கு எண் மாற்றுவது மட்டும் போதாது. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னே தெரிகிறது. பழைய எழுத்துருக்கள் அதனை முன்னே வைத்தே சேமித்தன. ஒருங்குறியோ ஒலிமுறைப்படி ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைக்கும். இவ்வரிசையை மாற்றத் தவறினால், கொம்பு தன் மெய்யை இழந்து, புள்ளிகளாலாகிய ஒரு வட்டத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். அவ்வட்டத்தைக் கண்டால், ‘இங்கே உயிர்க்குறி ஒன்று துணையின்றி நிற்கிறது’ என்று அறிந்து திருத்துங்கள். மேலும், படவில்லையில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்கும். முழுவதையும் ஒருசேர மாற்றினால் அவையும் சிதைந்து போகும். அவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இனி கோப்பின் வடிவங்களுக்கு வருவோம். பவர்பாயிண்ட் 1987இல் மெக்கிண்டாஷ் கணினிக்காகப் பிறந்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. நெடுங்காலம் அதன் கோப்பு ‘பி.பி.டி.’ என்னும் முடிவுடையதாக இருந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்புடன் ‘பி.பி.டி.எக்ஸ்.’ வந்தது. இதனோடு ‘ஓ.டி.பி.’ என்னும் பொது வடிவமும் உண்டு. 2006இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட இதனை லிபர் ஆஃபீஸ் கையாளுகிறது. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் மாணவர் பெற்ற மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. ஆகவே வீட்டில் ஒன்றில் செய்து, பள்ளியில் மற்றொன்றில் திறக்கும் நிலை பலருக்கு வாய்த்தது.

பி.பி.டி.எக்ஸ்., ஓ.டி.பி. ஆகிய இரண்டும் உண்மையில் கட்டிவைத்த மூட்டைகள். இதனை நீங்களே சோதித்துப் பாருங்கள். பி.பி.டி.எக்ஸ். கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் முடிவை ‘ஜிப்’ என்று மாற்றித் திறவுங்கள். உள்ளே ‘பி.பி.டி.’ என்னும் உறையில் ‘ஸ்லைட்ஸ்’ என்றும் ‘மீடியா’ என்றும் சிற்றுறைகள் தோன்றும். உங்கள் படமும் ஒலியும் ‘மீடியா’வில் உள்ளனவா? உள்ளனவாயின் அவை கோப்போடு எங்கும் வரும். இல்லையெனில் கோப்பில் இருப்பது அவற்றின் முகவரி மட்டுமே. 2010ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு முற்பட்ட பவர்பாயிண்டில் ‘வேவ்’ வகை ஒலி ஒன்றே கோப்பினுள் தங்கும். கைப்பேசியில் பதிந்த ஏனைய ஒலிகள் இணைப்பாகவே நிற்கும். அந்தப் பெரியவரின் குரல் போட்டியரங்கிற்கு வராததன் காரணம் இதுவே. நாங்கள் கொண்டுசென்றது அவர் வீட்டு முகவரியை, அவரையன்று.

வடிவம் மாறுங்கால் வேறு சில குறைகளும் நேரும். அசைவுகள் சில மறையும். ஒரு மென்பொருளுக்கே உரிய வரைபடங்கள் உருக்குலையும். எழுத்துரு மாறினால் எழுத்தின் அகலம் மாறி, வரிகள் கட்டத்தை மீறி வழியும். பழைய புரொஜெக்டர்கள் நான்குக்கு மூன்று என்னும் அளவின. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் பவர்பாயிண்ட் தானாக எடுத்துக்கொள்வது பதினாறுக்கு ஒன்பது. அரங்கின் அளவை முன்னரே கேட்டறியுங்கள். லிபர் ஆஃபீஸில் தமிழ் மட்டும் வேறு எழுத்துருவில் தோன்றினால், ஆங்கிலத்திற்கு ஓரிடமும் நம் மொழிகளுக்கு வேறோரிடமும் அங்கே உண்டு என்பதை நினைந்து, பின்னதில் தமிழ் எழுத்துருவைக் குறியுங்கள்.

‘எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் தொல்லை தீருமே’ என்பீர்கள். ஓரளவு தீரும். எழுத்துருவும் அமைப்பும் அதில் பெரும்பாலும் உடன் பதிந்து வரும். ஆனால் அசைவும் ஒலியும் போய்விடும். பின்னர்த் திருத்துவதும் அரிது. மேலும், பார்வைக்குத் தமிழாக இருப்பது படியெடுத்தால் குழறுவதும் உண்டு. மாற்றியபின் ‘கொடுமுடி’, ‘சோலை’ போன்ற கொம்புடைய ஒரு சொல்லை அதில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் உள்ளே எழுத்து இருக்கிறது. கிடைக்காவிடின் அங்கிருப்பது எழுத்தின் படமே.

ஆகவே மாணவர்களே, இவற்றை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யுங்கள். நோட்டோ போன்று எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க எழுத்துருக்களைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும்பொழுது அவற்றைக் கோப்பில் பதித்து வையுங்கள். உரிமக் கட்டுப்பாட்டினால் சில எழுத்துருக்கள் பதிய மறுக்கும். ஒலி, ஒளிக் கோப்புகளைத் தொடக்கத்திலேயே ஓர் உறையில் இட்டு, உறை முழுவதையும் எடுத்துச் செல்லுங்கள். மூலத்தை அழியாது வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் மூலத்திலிருந்தே செய்யுங்கள். பெயர்த்ததிலிருந்து மீண்டும் பெயர்த்தால் பிழை பெருகும் என்பது ஏடெழுதியோர் கண்ட பட்டறிவு. துணைக்கு ஒரு பி.டி.எஃப். பிரதியும் இருக்கட்டும். எல்லாம் முடிந்தபின், பிறிதொரு கணினியில் திறந்து முதல் முதல் கடைசி வரை பாருங்கள். நான் செய்யத் தவறியது இந்தக் கடைசிச் செயலையே.

ஓய்வு பெற்றபின் அக்கோப்பை மீண்டும் எடுத்தேன். எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்தாயிற்று என்று அட்டவணை எழுதி, சில நாட்கள் அமர்ந்து எட்டு அணைக்கட்டுகளின் செய்தி முழுவதையும் ஒருங்குறியில் மீட்டேன். அந்த மாணவி இன்று ஓர் ஆசிரியை. அவளிடம் அதனைக் கொடுத்தபொழுது, மகிழ்ச்சியோடு ஒவ்வொரு படவில்லையாகப் பார்த்து வந்தாள். இறுதிப் படவில்லையில் அந்த ஒலிபெருக்கிப் படம் இருந்தது. ஒருகணம் நின்று, அதை அழுத்தாமலே கோப்பை மூடினாள்.

உங்கள் இல்லங்களிலும் பேசுவதற்குச் செய்தியுள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தது கோப்பினுள் இருக்கிறதா என்பதை அன்றே திறந்து பாருங்கள்.