கோதுமை வயலிலிருந்து ஈயின் மூளைவரை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மேனிலைத் தேர்வு முடிவு வந்தபின் ஆண்டுதோறும் சில பிள்ளைகள் முகம் வாடி நம்மிடம் வருகின்றனர். "ஐயா, தாவரவியல்தான் கிடைத்தது" என்பர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக உழைத்தும் பிள்ளையைக் கல்லூரி வாயில்வரை கொண்டுவந்த பெற்றோரும் உடன் நின்று, "செடி கொடியைப் படித்து என்ன செய்வான்?" எனக் கேட்பர். ஞாயமான கேள்விதான். அதற்கு விடையாகவே, தாவரவியலில் தொடங்கிய ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேச இன்று எடுத்துக்கொண்டோம். அவர் பெயர் ஒபைத் சித்திகி.

உத்தரப் பிரதேசத்துப் பஸ்தியில் 1932இல் பிறந்த அவர், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பின்னர் தில்லியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் கோதுமையில் ஆய்வு செய்தார். ஆலங்கட்டி மழை பெய்து அவருடைய சோதனைப் பயிர் அழிந்தது. வேறொருவராயின் அடுத்த பருவம்வரை காத்திருந்திருப்பார். அவரோ கிளாஸ்கோ சென்று, பாண்டிகார்வோ என்னும் பேராசிரியரிடம் பூஞ்சையின் மரபணுக்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பூஞ்சைக்குச் சில நாள் போதும். கோதுமைக்கு ஒரு பருவமே வேண்டும்.

அடுத்து அமெரிக்காவில் ஆலன் கேரன் என்பாருடன் அவர் செய்த பணியைச் சற்று விளக்க வேண்டும். மரபணு என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு. அதை உயிரணு மும்மூன்று எழுத்துகளாகப் படித்துப் புரதத்தைக் கோத்துக்கொண்டே போகும். மூன்றெழுத்துச் சொற்கள் மொத்தம் 64. அவற்றுள் மூன்று மட்டும் "இங்கே நிறுத்து" என்று பொருள்படுவன. பாக்டீரியாவில் ஒரு நொதியை உண்டாகவிடாமற் செய்யும் சில மாற்றங்களையும், அவற்றை அடக்கி நொதியை மீண்டும் உண்டாகச் செய்யும் வேறு மரபு வகைகளையும் இவ்விருவரும் 1962இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். நிறுத்தச் சொற்கள் என்பவை உண்டு என்று உலகம் தெளிய அது வழிகோலிற்று.

பாக்டீரியாவின் சங்கதி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. பாசுமதி அரிசி ஏன் மணக்கிறது? சாதாரண நெல்லில் ஒரு நொதி, மணப்பொருள் சேரவிடாமல் தடுக்கிறது. பாசுமதியில் அந்நொதிக்குரிய மரபணுவில் எட்டு எழுத்துகள் விடுபட்டுள்ளன. அதனால் நிறுத்தச் சொல் முன்னதாகவே வந்துவிடுகிறது, நொதி முழுமை பெறுவதில்லை, மணம் தங்குகிறது. இது 2005இல் வெளியான செய்தி. ஒரு பிழை, பிரியாணிக்கு மணமாயிற்று!

ஓமி பாபா அழைக்க, சித்திகி 1962இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். 1970களில் மீண்டும் துறை மாறினார். இம்முறை நரம்பியல். எடுத்துக்கொண்ட உயிர் பழ ஈ. காசிமேட்டில் மீன் கூடைமேல் மொய்ப்பது வேறு. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் கடுகளவு ஈ இது.

பாரா எனப்படும் ஒரு வகை ஈ 22 பாகை வெப்பத்தில் இயல்பாகப் பறக்கும், 29 பாகைக்குமேல் உடனே முடங்கி வீழும், குளிர்வித்தால் எழுந்துவிடும். நம் திருவொற்றியூர்ச் சித்திரை வெயிலில் அது எழவே எழாது. இத்தகைய ஈக்களின் நரம்பில் மின்துடிப்பு எங்கே தடைப்படுகிறது என்பதைச் சித்திகியும் சீமோர் பென்சரும் அளந்து 1976இல் வெளியிட்டனர். பாரா மரபணு, நரம்பிலுள்ள சோடிய வாயிலை அமைப்பது என்று 1989இல் புலனாயிற்று. டி.டி.டி.யும், கொசுவர்த்திச் சுருளில் உள்ள பைரித்திராய்டு மருந்தும் தாக்குவது இதே வாயிலைத்தான். அந்த மரபணு சற்று மாறிய கொசு, சுருளுக்கு அஞ்சாது. மாறிய பயிர்ப்பூச்சி, தெளித்த மருந்துக்கு மடியாது. எண்ணூர்க் கொசுவுக்கும் பருத்திக் காட்டுப் புழுவுக்கும் விளக்கம் ஒன்றே. ஈயின் நரம்பை ஆராய்ந்தது உழவனுக்கும் பயன்பட்டது இவ்வாறே.

அவருடைய மாணவியாகிய வெரோனிகா ரொட்ரிகஸுடன் ஈயின் சுவை, முகர்வு பற்றியும் பல்லாண்டு ஆராய்ந்தார். 1990களின் தொடக்கத்தில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை அமைத்தார். அது வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே நிற்கிறது. ஒரே கூரையின்கீழ் மூளையும் ஆராயப்படுகிறது, பயிரும் ஆராயப்படுகிறது. 2006இல் பத்மவிபூஷண் பெற்றார். 2013இல், எண்பது கடந்த வயதிலும் ஆய்வுக்கூடத்தை விடாதிருந்தவர், சாலை விபத்தில் காயமுற்று மறைந்தார்.

இனி, இனிப்பாக மட்டும் பேசிச் செல்வது ஆசிரியனுக்கு அழகன்று. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியப் பதவி ஒதுக்கீட்டுக்கென 2019இல் ஒரு சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் அவற்றுள் அடங்கும். சித்திகி நிறுவிய பெங்களூர் மையம் அந்த டாட்டா நிறுவனத்தின் ஓர் அங்கமே. உயர்ந்த அறிவு ஆராயப்படும் இடத்தில் ஒதுக்கீடு எதற்கு என்பது அவர்கள் வாதம். உயர்ந்த அறிவு எவர் தெருவில் பிறக்கும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே எவர் சொன்னார் என்பது நம் வினா. அவ்விலக்கு நீங்கக் குரல் கொடுப்பது சங்கத்தின் கடமை. அதுவரை காத்திராமல் உள்ளே நுழைவது இளைஞர் கடமை.

நுழைய வழி இருக்கிறது. அம்மையத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு நாடு தழுவிய நுழைவுத்தேர்வு நடைபெறுகிறது. உதவித்தொகையும் உண்டு. தாவரவியல் படித்தவரும் எழுதலாம். விலங்கியல், வேதியியல், இயற்பியல் படித்தவரும் எழுதலாம். பழைய வினாத்தாள்களைத் திரட்டிச் சங்க நூலகத்தில் வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் பள்ளி ஆய்வுக்கூடம் திறந்திருக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியும் கனிந்த பழமும் கொண்டுவாருங்கள். பத்து நாளில் ஒரு தலைமுறை ஈ வளர்ந்துவிடும். நுண்ணோக்கி எங்களிடம் ஒன்று உண்டு.