ஜப்பானியரின் பெயர்களும் அவற்றின் உட்பொருளும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பெயர் என்பது ஒருவரை அழைத்தற்குரிய வெற்றொலி அன்று. பெற்றோரின் விருப்பமும், குடியின் நிலையும், அரசாங்கத்தின் ஆணையும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. இவ்வுண்மைக்கு ஜப்பான் தேச சரித்திரம் தக்க சான்றாகும்.

ஜப்பானியர் குடிப்பெயரை முன்னும், இடுபெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். குடிப்பெயர்களிற் பல நிலத்தினின்று பிறந்தவை. 'தனக்கா' என்பது வயல்நடு, 'யமமோத்தோ' மலையடி, 'நக்கமுரா' நடுவூர், 'கொபயாஷி' சிறுசோலை, 'இஷிக்காவா' கல்லாறு. கேட்ட மாத்திரத்தில் ஒரு நாட்டுப்புறமே கண்முன் நிற்கின்றதன்றோ!

இனி, இடுபெயர்களை நோக்குவோம். 'இச்சிரோ' முதல் மகன், 'ஜிரோ' இரண்டாமவன், 'சபுரோ' மூன்றாமவன். முற்காலத்துப் பெண்மக்களுக்குத் தேவதாரு இனத்து மரத்தின் பெயராகிய 'மத்ஸு', நாரையின் பெயராகிய 'த்ஸுரு', ஆமையின் பெயராகிய 'கமே' என்பன இடப்பட்டன. அம்மரம் பனிக்காலத்தும் பசுமை மாறாதது. நாரை ஆயிரம் ஆண்டும் ஆமை பதினாயிரம் ஆண்டும் வாழும் என்பது அவர்தம் முதுமொழி. குழந்தைகள் பலர் இளமையிலேயே மாண்ட அக்காலத்தில், ஆமை என்று பெயரிட்ட தாயின் உள்ளத்தை நாம் எளிதில் அறியலாம். 'கோ' என்னும் ஈறு குழந்தை எனப் பொருள்படும். முன்னர் உயர்குடி மகளிர்க்கே பெரிதும் உரியதாயிருந்த அஃது, மெய்ஜி காலத்துக்குப் பின்னர் எல்லா வீடுகளிலும் புகுந்தது. 1926-ஆம் ஆண்டில் 'ஷோவா' என்னும் சகாப்தம் தொடங்கியபோது, அதன் இரண்டாம் எழுத்தாகிய, இணக்கத்தைக் குறிக்கும் எழுத்தைக் கொண்டு 'கஸுக்கோ' என்று அளவிறந்த பெண்குழந்தைகளுக்குப் பெயரிட்டனர்.

ஒரே ஒலியைப் பல எழுத்துக்களால் எழுதலாம் என்பது மற்றொரு விசேஷம். 'அக்கிரா' என்பதற்கு ஒளி, தெளிவு முதலிய பொருள்படும் எழுத்துக்கள் பல உள. ஆதலின் பெயரைக் கேட்டறிந்தால் மட்டும் போதாது. எவ்வெழுத்தால் எழுதுவது என்றும் வினவுதல் வேண்டும்.

இவ்வளவு இனிய பொருள்களுக்கு மறுபுறமும் ஒன்றுண்டு. தொக்குகாவா ஆட்சியில், குடிப்பெயரை வெளிப்படையாக வழங்குவதும் இருவாள் தரிப்பதும் சாமுராய் வகுப்பாரின் சிறப்புரிமைகளாக இருந்தன. குடியானவரிற் பலர் தமக்கெனக் குடிப்பெயர் வைத்திருந்தும், விசேஷ அனுமதியின்றி அதனை அரசாங்க ஏடுகளில் எழுதுதல் இயலாது. 1870-ஆம் ஆண்டில் பொதுமக்களும் குடிப்பெயர் வழங்கலாம் என அரசாங்கத்தார் அனுமதித்தனர். 1875-இல் அதனைக் கட்டாயமாக்கினர்.

1871-இல், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் இழிபெயர்களை ஒழித்து மற்றோர் ஆணை பிறந்தது. ஆயினும் நிகழ்ந்தது யாது? 1872-இல் எழுதப்பட்ட குடும்பப் பதிவேட்டிற் சில ஊர்களில் அவர்களைப் 'புதிய பொதுமக்கள்' என்று தனித்துக் குறித்தனர். பழைய இழிபெயர் போய்ப் புதிய இழிபெயர் வந்தது! மணம் பேசுவோரும் வேலை கொடுப்போரும் பூர்வீகத்தை ஆராய அவ்வேடு உதவிற்று. 1968-இல் அதனைப் பார்வையிடுதல் தடுக்கப்பட்டது. அதன் பின்னரும், அம்மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களைத் தொகுத்த இரகசியப் பட்டியல்களைக் கம்பெனிகள் விலைகொடுத்து வாங்கிய செய்தி 1975-இல் வெளிப்பட்டது. வயலையும் மலையையும் குறித்த அழகிய குடிப்பெயர் அவர்களுக்கும் இருந்தது. எனினும் ஊர்ப்பெயர் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

1940-இல், தங்கள் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியரையும் ஜப்பானிய முறையில் குடிப்பெயர் பூணச் செய்தனர் ஜப்பானிய அதிகாரிகள். தம் குடிக்கு முன்னோர் வழிவந்த பெயரைப் போற்றியவர்களே பிறர் முன்னோரின் பெயரைப் பறித்தனர். ஜப்பானின் ஆட்சி 1945-இல் நீங்கியபின், கொரியர் தம் பழம்பெயர்களை மீட்டுக்கொண்டனர்.

அன்பர்களே! ஒரு குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இச்சரித்திரத்தைச் செவிமடுத்தல் மிகவும் பொருத்தமுடையது. நற்பெயரைச் சூட்டுதல் பெற்றோர் கையில் உள்ளது. அப்பெயருக்கு மதிப்பளித்தல் அயலார் கையில் உள்ளது. நம் பெயரை நாம் போற்றுதல் தவறன்று. அதனை உயர்த்தும்பொருட்டுப் பிறர் பெயரைத் தாழ்த்துதலே தவறு. ஒருவரது பெயரைக் கேட்டவுடன் அதன் பொருளை வினவுவோமாக. அவரது பூர்வீகத்தை வினவாதிருப்போமாக.