எந்தப் புற்றுநோய் யாருக்கு?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்திற்கு வரும் விண்ணப்பங்களை வாசிக்கும் பொறுப்பு இக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவற்றுள் புற்றுநோய் என்ற சொல்லை நேராக எழுதியவர்கள் மிகச் சிலரே. ‘கட்டி’, ‘வயிற்றுக் கோளாறு’, ‘பெண்கள் சம்பந்தமான நோய்’, ‘அந்த நோய்’ என்றே எழுதுகிறார்கள். உடன் இணைத்த மருத்துவச் சான்றைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிகிறது. பெயர் சொல்லவே அஞ்சும் ஒரு நோயைக் குறித்துப் பொதுக்கூட்டத்தில் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். பேசாமல் இருந்ததன் விலையை அந்த விண்ணப்பங்களில் நாம் கண்டுவிட்டதால் பேசுகிறோம்.

புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. உடலின் எந்த உறுப்பிலும் உயிரணுக்கள் கட்டுப்பாடிழந்து பெருகலாம். ஆனால் உறுப்புக்கு உறுப்பு அதன் காரணமும் வேகமும் முடிவும் மாறுகின்றன. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, உலகில் அவ்வாண்டு ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. நுரையீரல் முதலிடம், மார்பகம் இரண்டாமிடம், பெருங்குடல் மூன்றாமிடம். நம் நாட்டின் வரிசை வேறு. அதே ஆண்டில் இந்தியாவில் 14 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோருக்குப் புதிதாக நோய் கண்டது. அதில் மார்பகம் முதலிடம், வாய் இரண்டாமிடம், கருப்பை வாய் மூன்றாமிடம். நுரையீரல் நான்காவதாகவே வருகிறது. இந்தியாவில் பிறக்கும் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீடு.

இந்தப் பதிவேட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1982 முதல் சென்னை, பெங்களூர், மும்பை ஆகிய நகரங்களில் மக்கள் தொகை அடிப்படையில் இக்கணக்கை எடுக்கத் தொடங்கியது. சென்னைக்கான பொறுப்பை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஏற்றது. மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று, இறப்புப் பதிவுகளையும் புரட்டிச் சேர்க்கும் பொறுமையான பணி அது. பிறகு பல ஊர்களிலும் பதிவேடுகள் ஏற்பட்டன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். மிசோரமின் அய்சால் மாவட்டத்தில் 2012 முதல் 2016 வரையிலான கணக்கின்படி, வயது வேறுபாட்டைச் சரிசெய்த பின், ஆண்டுக்கு ஒரு இலட்சம் ஆண்களில் 269 பேருக்குப் புற்றுநோய். மராட்டிய மாநிலத்தின் உஸ்மானாபாத், பீட் பகுதியில் அது 40ஐ எட்டவில்லை. சிற்றூர்களில் கண்டறியப்படாமலே போனவையும் இவ்வேறுபாட்டில் ஒரு பங்கு எனலாம். ஆயினும் புகையிலையும் உணவுப் பழக்கமும் செய்யும் வேலையை மறுக்க இயலாது. கங்கைச் சமவெளிப் பெண்களிடம் பித்தப்பைப் புற்று மிகுதி. காஷ்மீரில் உணவுக்குழாய், நாகாலாந்தில் மூக்கின் பின்புறத் தொண்டை. நம் சென்னையிலோ தொடக்க ஆண்டுகளில் ஆண்களிடையே இரைப்பைப் புற்றே முதலிடம் வகித்தது.

ஆகவே ‘எவருக்கும் எதுவும் வரும்’ என்ற பேச்சு பாதி உண்மைதான். பெரும்பாலான புற்றுநோய்கள் ஐம்பது வயதைக் கடந்தோரை நாடுகின்றன. புராஸ்டேட் புற்று அறுபதைத் தாண்டிய ஆண்களுக்குரியது. சிறுவர்களுக்கு வருவது மொத்தத்தில் மிகச் சிறு பங்கே. அதில் இரத்தப் புற்றுநோயே அதிகம். அதைப் பெருமளவு குணப்படுத்தலாம் என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்று வருவதுண்டு. நூற்றில் ஒன்று என்ற அளவில்.

இனி நம் ஆண்மக்களைப் பற்றி. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்க்கு. 2022இல் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. காரணம் கடைவாயில் அடக்கி வைத்த பொட்டலத்தில் இருக்கிறது. ‘புகையிலை இல்லை, வெறும் பாக்குத்தான்’ என்று சொல்வோர் நம்மிடையே பலர். மேலே சொன்ன பன்னாட்டு முகமை, புகையிலை கலவாத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதே என்று 2004இல் வெளியிட்ட தன் தொகுதியில் திட்டமாகக் கூறிவிட்டது. பாக்குப் போடுவோருக்கு வாயின் உட்புறம் வெளுத்து இறுகி, நாளடைவில் வாயைத் திறக்கவே இயலாமற் போகிறதே, அது முன்னெச்சரிக்கை. நிக்காஹ் வீட்டில் தாம்பாளம் நிறைய வைக்கும் வெற்றிலை பாக்கைக் குறித்து இங்கு நாம் எதுவும் சொல்லப் போவதில்லை. சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் கோபிப்பார்கள்.

தாய்மார்களிடம்தான் இன்று விரிவாகப் பேச வந்தோம். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகமும் கருப்பை வாயும் சேர்ந்து நூற்றுக்கு 44 ஆகின்றன. சென்னைப் பதிவேடு தொடங்கியபோது முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய். கல்வி, சுகாதாரம், திருமண வயது உயர்வு, குறைந்த மகப்பேறு ஆகியவற்றால் அது பாதிக்கும் கீழே இறங்கிற்று. அதே காலத்தில் மார்பகப் புற்று இருமடங்கை நெருங்கி முதலிடத்தைப் பிடித்தது. தாமதமான முதல் பிரசவம், குறைவான தாய்ப்பாலூட்டல், உடற்பருமன் எனக் காரணங்கள் பல. பரம்பரையாக வருவது நூற்றுக்குப் பத்தைத் தாண்டாது. எனவே ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்பது பாதுகாப்பாகாது.

இங்கே நம் சமுதாயத்தார் அடிக்கடி பெருமையாகக் குறிப்பிடும் ஒரு செய்தி உண்டு. மும்பைப் பதிவேட்டின் பழைய கணக்குகளில், முஸ்லிம் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்று இந்துப் பெண்களைவிடக் குறைவாகக் காணப்பட்டது. ஆண்களின் கத்னா இதற்கு ஒரு காரணம் என்பது பின்னர் வந்த ஆய்வுகளோடு பொருந்துகிறது. இந்நோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கணவரிடமிருந்தே மனைவிக்குப் பெரும்பாலும் வருகிறது. அது உண்மையே. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளன்று. நம் விண்ணப்பங்களிலும் அந்நோய் இருக்கிறது.

அடுத்துச் சொல்லும் கணக்கைச் சற்று நிதானமாகக் கேட்க வேண்டுகிறோம். 2022இல் உலகெங்கும் 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்று கண்டது. அந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம். அதாவது நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. இந்தியாவில் 1 இலட்சத்து 92 ஆயிரம் பேருக்குக் கண்டது. இறந்தோர் 98 ஆயிரம். நூற்றுக்கு ஐம்பதுக்கும் மேல். இறந்தவர்கள் அதே ஆண்டில் நோய் கண்டவர்களே என்று கொள்ளலாகாது. ஆயினும் அளவு புரியும். நோய் ஒன்றே, மருந்தும் பெரும்பாலும் ஒன்றே. கணையப் புற்று வந்தால் எந்த நாட்டிலும் பிழைப்போர் அரிது. அங்கே நாம் செய்யக்கூடியது குறைவு. மார்பகப் புற்று அப்படிப்பட்டதன்று. நம் பெண்கள் மருத்துவரிடம் வந்து சேரும் காலந்தான் வேறு.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் மார்பில் நெல்லிக்காயளவு கட்டி இருப்பதை அறிந்தும் பதினாறு மாதங்கள் எவரிடமும் சொல்லவில்லை. வலி இல்லையே என்று இருந்துவிட்டார். தொடக்கத்தில் இக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மகளிடம் சொன்னபோது தோல் புண்ணாகிவிட்டது. ‘ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிம்மா காட்டுறது? அதுவும் இல்லாம உன் கல்யாணப் பேச்சு நடக்குற நேரம்’ என்றாராம். ஜமாஅத் தன்னால் இயன்ற தொகையைக் கொடுத்தது. ஆனால் அதற்குள் நோய் எலும்பு வரை சென்றிருந்தது. அவருக்கென ஒதுக்கிய இரண்டாம் தவணையை அடக்கச் செலவுக்குத்தான் கொடுக்க நேர்ந்தது. அவரது குடும்பத்தாரின் அனுமதியோடே இதைக் கூறுகிறோம்.

வெட்கத்தை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வெட்கத்துக்கு இடங்கொடுத்தே இதைச் செய்யலாம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிலான முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களே நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைப் பார்த்தார்கள். ஏறக்குறைய நம் வீட்டு வினிகரைப் போன்றதுதான் அது. தடவிய ஓரிரு நிமிடங்களில் பழுதான இடம் வெளுத்துக் காட்டும். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் நேர்ந்த இறப்பு மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 35 குறைந்தது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் பெண் சுகாதாரப் பணியாளர்கள் கைகளாலேயே மார்பகத்தைப் பரிசோதித்துவந்தார்கள். இருபதாண்டு கழித்து 2021இல் வெளியான முடிவின்படி, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்று இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்தது. இளம் வயதினரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. பெரிய இயந்திரமோ ஆண் மருத்துவரோ இவ்விரண்டிலும் தேவைப்படவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுவது மிகுந்த பயன் தரும். இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசி 2023இல் வெளிவந்தது. மலட்டுத்தன்மை உண்டாகும் என்ற வதந்திக்கு ஆதாரமில்லை. கூட்டம் முடிந்ததும் இதைப் பற்றிக் கேட்க விரும்புவோர் தயங்காமல் கேட்கலாம்.

மற்றொன்று. நோயுற்றவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைக்கும் வீடுகள் நம் தெருக்களில் உள்ளன. உடனிருந்து உண்பதால் எந்தப் புற்றுநோயும் ஒட்டாது. பேரப்பிள்ளையை உம்மும்மாவின் மடியிலிருந்து பிடுங்காதீர்கள்.

நிர்வாகக் குழுவின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று மதரஸா மாடியில் இரண்டு பெண் செவிலியர்களும் ஒரு பெண் மருத்துவரும் காலை பத்து மணி முதல் அஸர் வரை இருப்பார்கள். முப்பது வயதைக் கடந்த பெண்கள் அனைவரும் வரலாம். பின்பக்கப் படிக்கட்டைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கியுள்ளோம். அன்று அவ்வழியில் ஆண்கள் நிற்கமாட்டார்கள். யார் வந்தார்கள், யாருக்கு என்ன கண்டது என்ற பட்டியல் ஜமாஅத் அலுவலகத்துக்கு வராது. அது மருத்துவரிடமே இருக்கும். கைக்குழந்தை உள்ளவர்களுக்காகக் கீழறையில் பாய் விரித்து வைக்கிறோம்.