மூக்கும் நோக்கும்

புளோரன்ஸ் நகரில் மைக்கேலாஞ்சலோ 1501ஆம் ஆண்டு தொடங்கிய தாவீதின் சிலை, 1504இல் நிறைவெய்தியது. உயரம் ஏறத்தாழ 17 அடி. நகரத் தலைவர் சொடரினி அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, மூக்குப் பருத்துவிட்டது என்று குறை கூறினாராம். 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் வசாரி இதனை எழுதியுள்ளார்.

குறை மூக்கில் அன்று, அவர் நின்ற இடத்தில் என்பதைச் சிற்பி உணர்ந்தார். ஆயினும் வாதாடவில்லை. உளியோடு சிறிது சலவைக்கல் தூளையும் கையிற்கொண்டு மரச் சாரத்தில் ஏறினார். செதுக்குவது போலப் பாவனை செய்து தூளை உதிர்த்தார். இப்பொழுதுதான் சிலை உயிர்பெற்றது என மகிழ்ந்தார் தலைவர்!

நமக்கு இது நகைப்பு; தொழில்வல்லார்க்கோ பழகிய துயரம். கருத்துரைக்கும் உரிமை தலைவருக்கு உண்டு. எனினும், ஏன் இவ்வாறு அமைத்தீர் என்று அவர் முதலில் வினவியிருப்பின், சிற்பிக்குப் பொய் வேண்டியிராது. அவரும் சிலையைப் பார்க்கக் கற்றிருப்பார்.