கதைமாந்தரின் பெயர்கள்



நண்பரொருவர் தாம் எழுதிவரும் சரித்திர நாவலின் முதல் அதிகாரத்தை அண்மையில் எனக்கு வாசித்துக் காட்டினார். களம் 1938ஆம் ஆண்டின் பேர்லின் நகரம். கதாநாயகி சாரா என்னும் யூத நங்கை. எபிரேய மொழியில் 'இளவரசி' என்று பொருள்படுவதனால் அப்பெயரைத் தேர்ந்ததாகக் கூறினார். பொருள் அழகியதே. ஆயினும், அந்தப் பெயர்தான் அவர் கதைக்குக் கேடாய் முடிந்தது என்பேன்.

காரணம் பின்னர் வரும். முதலிற் குடும்பப் பெயரைப் பார்ப்போம். யூதருள் நிலையான குடும்பப் பெயர் எக்காலத்தும் இருந்ததன்று. தெசாவ் நகரிற் பிறந்த மெய்யறிஞர் மோசே மெண்டல்சோன் (1729–1786) தந்தை பெயரையே தம் பெயரோடு கொண்டார். 'மெண்டலின் மகன்' என்பதே அதன் பொருள். ஒஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1787இலும், பிரஷ்ய அரசு 1812இலும் இட்ட கட்டளைகளே குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கின. ஓநாய் எனப் பொருள்படும் 'வொல்வ்', மான் எனப் பொருள்படும் 'ஹிர்ஷ்' ஆகியவை வெறும் விலங்குப் பெயர்களல்ல. யாக்கோபு தம் மைந்தர் பென்யமீனையும் நப்தலியையும் அவ்வாறு உவமித்தமை வேதாகமத்தில் உண்டு. ஆனால் பெயரைக் கொண்டே இனத்தைத் துணிதல் தகாது. நாஜிக் கொள்கையை வகுத்தவர்களுள் ஒருவனின் பெயர் றோசன்பேர்க்!

இனி முற்பெயர். இறந்த முன்னோரின் பெயரை இடுவது அவர்தம் வழக்கம். ஜேர்மானியரோடு ஒன்றி வாழ்ந்த குடும்பங்களில் அவ்வழக்கமும் உருமாறியது. பாட்டனார் மோசேயாக இருப்பார். பேரன் மோறிற்ஸ் ஆவான். முதலெழுத்தின் ஓசை மட்டுமே எஞ்சும். 'வெற்றியும் அமைதியும்' எனப் பொருள் தரும் சீக்பிரீட் என்னும் பழைய ஜேர்மானிய வீரனின் பெயரையுங்கூட யூதத் தந்தையர் விரும்பி இட்டனர். பெண்மக்கள் லோட்டே, இல்சே எனப்பட்டனர்.

1938 ஆகஸ்ட் 17ஆம் நாள் ஹிட்லரின் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தான் வகுத்த பட்டியலில் இல்லாத முற்பெயருடைய யூத ஆடவர் 'இஸ்ராயேல்' என்றும், பெண்டிர் 'சாரா' என்றும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். இளவரசியின் பெயர் அன்று இழிவுக் குறியாயிற்று.

நண்பரின் நாயகி முதற்பக்கத்தில் லோட்டேயாக இருந்திருப்பின், பத்தாம் அதிகாரத்தில் அரசாங்கக் கந்தோரில் 'லோட்டே சாரா' என்று முதன்முறை அவள் கையொப்பமிடும் காட்சி ஒன்று வாய்த்திருக்கும். தொடக்கத்திலேயே சாரா என்றழைத்தமையால் அக்காட்சிக்கு இடமில்லாமற் போயிற்று. அவரிடம் இதனைச் சொன்னேன். கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு சென்றிருக்கின்றார்.